கச்சேரிக்கு வருபவர் எங்கே தூங்குவார்?

வாக்வாவில் எங்கள் சங்கக் கூடத்துக்குப் பின்னால் 9 பெர்ஷ் நிலம் சும்மா கிடக்கிறது. மொரீஷியஸுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பெர்ஷ் ஏறத்தாழ 42 சதுர மீட்டர். ஆக மொத்தம் 380 சதுர மீட்டர். ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட பழைய மரவீடு, நடுவில் ஒரு லிச்சி மரம், மீதியெல்லாம் புல். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்தும் வரும் கலைஞர்கள் தங்க அங்கே இடம் கட்டுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது.

எப்படிக் கட்டுவது என்பதில்தான் சண்டை. தலைவர் ஐயாவுக்கு மாடி வேண்டும். பொருளாளர் அக்காவுக்கு எதையுமே கட்டாமல் ஹோட்டல் பிடித்துக் கொடுத்தால் போதும். இளைஞர் அணிக்குக் கப்பல் கன்டெய்னர் மேல் ஆசை. எனக்குத் தொழில் கட்டட வரைபடம் போடுவது. இளவயதில் மூன்று வருடம் சென்னையில் மிருதங்கம் படித்தவன். அதனால் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவுக்குக் கொடுத்த அறிக்கையைக் கொஞ்சம் தளர்த்தி இங்கே எழுதுகிறேன். இதே தலைவலி வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் இருக்கும்.

குழுவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கட்டில்?" கட்டிலை வைத்துக் கணக்குப் போட்டால் அக்கா சொல்வதுதான் சரி, ஹோட்டலில் ஏராளமாகக் கட்டில் இருக்கிறது. ஆனால் இதுவரை நம்மிடம் வந்த கலைஞர் யாரும் கட்டிலைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் திண்டாடியதெல்லாம் வேறு நேரங்களில். விடிகாலையில் சாதகம் (பாட்டு, வாத்தியப் பயிற்சி) செய்ய இடமில்லாமல் திண்டாடுவார்கள். இரவு பத்தரைக்குக் கச்சேரி முடிந்து, அதுவரை வயிற்றைக் காலியாக வைத்திருந்தவர்கள் பதினொரு மணிக்குச் சூடான சோறு தேடுவார்கள். பிறகு புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒவ்வொரு யோசனையையும் இந்த மூன்று நேரங்களில் நிறுத்திப் பார்த்தேன்: காலை ஐந்து மணி, இரவு பதினொரு மணி, மூன்றாம் எச்சரிக்கை.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே புயல் எச்சரிக்கை நான்கு படிகள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கி, அது நீடிக்கும் என்று தெரிந்தால் நான்காம் எண். மூன்றாம் எண் அறிவித்ததுமே பேருந்து நிற்கும், கடை மூடும், எல்லோரும் வீட்டுக்குள் அடைய வேண்டும். காவடிக்கும் பொங்கலுக்கும் கலைஞர்களை வரவழைக்கிறோம். இரண்டுமே ஜனவரி, பிப்ரவரியில் வருபவை, அதாவது புயல் பருவத்தின் நட்டநடுவில். 2024 பொங்கலன்றுதான் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. நம் விருந்தாளி இரண்டு நாள் வெளியே கால் வைக்க முடியாமல் உள்ளேயே இருக்க நேரலாம். அந்த இரண்டு நாள் அவருக்கு எப்படிப் போகும் என்பதும் தங்குமிடத்தின் தரத்தில் சேர்த்திதான்.

சரி, முதலில் இப்போது இருக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் தங்கவைப்பது. செலவே இல்லை, பாசம் நிறைய. அந்தப் பாசம்தான் பிரச்சினையும். ஒரு முறை வாய்ப்பாட்டு வித்துவான் ஒருவர் ஓர் உறுப்பினர் வீட்டில் மூன்று நாள் தங்கினார். காலையில் பக்கத்து வீட்டார் பார்க்க வருவார்கள், மதியம் சம்பந்தி வீட்டார். வந்தவர்களின் குழந்தைகள் ஆளுக்கொரு பாட்டு பாடிக் காட்டும். அவரும் பெரிய மனதோடு "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வாழை இலையில் ஏழு கறி, ரசம், பாயசம், அதன் பிறகு ஐஸ் போட்ட குளிர்பானம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. மூன்றாம் நாள் மேல் ஷட்ஜத்தில் குரல் நிற்கவில்லை. காரில் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒரு குறையும் வைக்கலை. ஆனா மூணு நாளும் வாய் மூடவே விடலை." கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை விருந்தாளிக்கு இல்லை. வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு அது குறையும்.

ஹோட்டலில் கதவு இருக்கிறது, அந்த வகையில் தேவலை. 2022 முதல் மெட்ரோ க்யூர்பீப் வரை ஓடுவதால் காத்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ அறை எடுத்தால் பகலில் அவர்களே வந்து போகலாம். அக்காவின் கணக்கில் இது சரியான வாதம்: வருடத்தில் நாற்பது, ஐம்பது இரவுகளுக்கு மேல் யாரும் தங்கப்போவதில்லை, அதற்கு ஏன் ஒரு கட்டடம்? ஆனால் காலை ஐந்து மணிக்கு ஹோட்டல் அறையில் தவிலை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் வரவேற்பறையிலிருந்து போன் வரும். இரவு பதினொரு மணிக்கு அங்கே சமையலறை மூடியிருக்கும். நம்மூரில் பொழுது சாய்ந்தால் பேருந்தும் குறைந்துவிடும். புயல் நேரத்தில் ஹோட்டல் பத்திரமான இடம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் இங்கே, அவர்கள் அங்கே. மொழி தெரியாத ஊரில் இரண்டு நாள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ஒற்றைக் கச்சேரிக்கு வந்து மறுநாளே விமானம் ஏறுபவருக்கு ஹோட்டல் போதும். காவடிக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்து இறங்கும் நாகஸ்வரக் குழுவுக்குப் போதாது.

இனி மாடி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் குழுவில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் விரும்பினார்கள், கணக்கிலும் இதுதான் மலிவு. இந்தத் தீவில் வீடு கட்டும்போதே மேல்தளத்துக்கு இடம் விட்டுத்தான் கட்டுவோம். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கும், மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவற்றின்மேல் சுவர் எழும்பும். சங்கக் கூடத்திலும் மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறைகளுக்கு மேலே அப்படிக் கம்பிகள் நிற்கின்றன. அடித்தளம் வேண்டாம், நிலம் வீணாகாது, குழாய் கீழேயே இருக்கிறது. நான்கு அறை போட்டுவிடலாம். ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் தலைவர் ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் ஏன் எதிர்த்தேன் என்றால், நான் அப்படி ஓர் அறையில் வாழ்ந்திருக்கிறேன். சென்னையில் படிக்கும்போது ஒரு சபாவின் மேல்மாடியில் வெளியூர்க் கலைஞர்களுக்கென்று இருந்த அறைகளில் ஒன்றில் ஐந்து மாதம் இருந்தேன். ஒரு மார்கழி மாலை. கீழே ஒரு மூத்த பாடகி சண்முகப்பிரியா ராகத்தை எடுத்து மெல்ல மெல்ல விரித்துக்கொண்டிருக்கிறார். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். தார ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் போய் நின்றார், அப்படியே நிறுத்தி மூச்சு விட்டார். அந்த அமைதியில் மேடையின் வலது சுவருக்குள்ளிருந்து தடதடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம். மாடியில் யாரோ கழிப்பறைச் சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். கழிவுக்குழாய் மேடைச் சுவருக்குள் போகிறது. முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே இருந்தார், ஆனால் ஆலாபனையைச் சீக்கிரமாகவே முடித்துக்கொண்டார். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இன்றைக்கும் சண்முகப்பிரியா கேட்டால் அந்தக் குழாய் ஞாபகம் வரும்.

இதன் காரணம் எளிமையானது. சத்தம் இரண்டு வழியாகப் போகும். காற்று வழியாகப் போவதைச் சுவரின் கனம் தடுக்கும். நம்மூரில் போடும் 150 மில்லிமீட்டர் உள்ளீடற்ற சிமென்ட் கல்லை இரண்டு பக்கமும் பூசினால் சுமார் 45 டெசிபெல் குறையும். சுவரின் எடையை இரட்டித்தால் இன்னும் 5, 6 டெசிபெல் கிடைக்கும். ஆனால் கட்டடத்தின் உடம்பு வழியாகப் போகும் சத்தத்துக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. நடனக் குழந்தை மேடையில் தட்டடவு போட்டால் அது தளம் வழியாக, தூண் வழியாக மேலே கட்டிலின் காலுக்கு வந்து சேரும். மேலே யாராவது வாளியை நகர்த்தினால் கீழே வீணைக் கச்சேரியில் கேட்கும். கான்கிரீட் ஒரே உடம்பாக இருக்கும்வரை இதற்கு மருந்து கிடையாது. தளத்தின்மேல் ரப்பர் அடுக்கு போட்டு இன்னொரு மிதக்கும் தளம் போடலாம். அதன் விலையைச் சேர்த்தால் மாடி மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

உலகச் சுகாதார நிறுவனம் நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 டெசிபெலுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கீழே தவிலும் நாகஸ்வரமும் முழங்கும்போது மேலே 30 டெசிபெல் என்பது கனவு. அப்போது எல்லோரும் கச்சேரியில்தானே இருப்பார்கள் என்று தலைவர் கேட்டார். இல்லை. நாளைக்குக் காலை வாசிக்க வேண்டியவர் இன்றைக்கு ஒன்பது மணிக்கே படுத்திருப்பார். விமானத்திலிருந்து அன்றே இறங்கியவரும் படுத்திருப்பார். மாடிப்படி விவகாரம் இன்னொன்று. வித்துவான்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், தவில் ஒன்று பத்து கிலோவுக்கு மேல். லிப்ட் வைக்கும் சங்கமா நாம்?

கன்டெய்னரைப் பற்றி இவ்வளவு பேசத் தேவையில்லை. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் பழைய 20 அடிப் பெட்டி கிடைக்கும், படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. உள் அகலம் 2.35 மீட்டர். வெப்பம் தடுக்கப் பலகை அடித்த பிறகு 2.2 வந்தால் அதிகம். அதில் கட்டில் போட்டு, பக்கத்தில் பாய் விரித்து மிருதங்கத்தை மடியில் வைத்தால் முழங்கால் சுவரில் முட்டும். ஜன்னலுக்கும் கதவுக்கும் வெட்ட வெட்ட இரும்புப் பெட்டியின் பலம் குறையும், அதைச் சட்டம் அடித்துச் சரிக்கட்ட வேண்டும், புயலுக்குத் தரையோடு பூட்ட வேண்டும். வாக்வாவின் தூறலில் இரும்புக் கூரைக்குக் கீழே தூங்கியவர்களுக்குத் தெரியும். தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: நாற்காலி, விளக்கு, திரைச்சீலை வைக்கும் கிடங்காக ஒரு பெட்டி வாங்கலாம், அதற்கு நானும் கை தூக்குகிறேன்.

மரவீடு வேறு விஷயம். அறிவு ஒன்று சொல்ல, மனசு வேறொன்று சொன்ன இடம் அது. முன்பக்கம் முழுக்க வராந்தா, இங்கே பேசும் கிரியோல் மொழியில் வராங் என்பார்கள். கூரை விளிம்பில் பூவேலை செய்த தகரம். உள்ளே மூன்று அறை, தரை மரப்பலகை. மழை நாளில் வராங்கில் உட்கார்ந்து லிச்சி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு ராகம் தோன்றும். 1960-இல் ஜனவரியில் அலிக்ஸ் புயலும் பிப்ரவரியில் கரோல் புயலும் அடித்துப்போட்ட பிறகுதான் இந்தத் தீவு முழுக்கக் கான்கிரீட்டுக்கு மாறியது. கரோலில் காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. அதற்கு முன்பு கட்டிய மரவீடுகளில் மிஞ்சியவை கொஞ்சம்தான், அதில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இடிக்க எனக்குக் கை வராது.

ஆனால் அங்கே படுக்கவைப்பதா? மூன்றாம் எச்சரிக்கை வந்தால் நடு இரவில் வித்துவானை எழுப்பி வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பலகைச் சுவர் சத்தத்தை நிறுத்தாது. ஓர் அறையில் குறட்டை விட்டால் மூன்று அறையிலும் கேட்கும். கறையான் வேறு. கிரியோலில் அதற்குக் காரியா என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் வீட்டுச் சொல் எங்கேயோ வெளியே போய்விட்டுத் திரும்பி வந்ததுபோல் தோன்றும். பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தெற்குப் பக்கத்து அடிச்சட்டம் பிஸ்கட்போல் உள்ளே போனது.

அடுத்தது, பின்பக்க நிலத்தில் தரைமட்டத்தில் தனியாக அறைகள். கூடத்தின் பின்சுவரிலிருந்து 12 மீட்டர் தள்ளி, மூன்று அறைகள் வரிசையாக, கான்கிரீட் கூரையோடு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபெல் குறையும். 3 மீட்டரில் கட்டுவதற்கும் 12 மீட்டரில் கட்டுவதற்கும் 12 டெசிபெல் வித்தியாசம், அதுவும் பைசா செலவில்லாமல். உடம்போடு உடம்பு ஒட்டாததால் தூண் வழியாக வரும் சத்தம் அறவே இல்லை. படியும் இல்லை. வாசலில் 1:12 சரிவு வைத்தால் சக்கர நாற்காலியும் தவில் வண்டியும் ஏறும். கூடத்துப் பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது, இது முக்கியம். எவ்வளவு நல்ல சுவர் கட்டினாலும் ஜன்னலைத் திறந்துவிட்டால் கிடைப்பது 15 டெசிபெல்தான். ஜன்னல்கள் லிச்சி மரத்தைப் பார்க்கட்டும்.

குறை என்னவென்றால் விலை. ஒப்பந்தக்காரர் கணக்கில் மாடியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நிலமும் போய்விடும். காவடி நாளில் அன்னதானப் பந்தல் போடும் இடம் அதுதான் என்று பெண்கள் பிரிவு சொன்னது நியாயமான ஆட்சேபம். வரைபடத்தைத் திருப்பி, அறைகளை எல் வடிவத்தில் வேலியோரமாக ஒதுக்கினேன். பந்தலுக்கு 180 சதுர மீட்டர் மிச்சம் இருக்கிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தப்பான முன்மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் அமெரிக்காவின் மெக்டவல் என்னும் கலைஞர் தங்குமிடம் பற்றிப் படித்துவிட்டு வந்தார். 1907-இல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் தொடங்கியது. கலைஞர் ஒவ்வொருவருக்கும் மரங்களுக்கிடையே தனிக் குடில், மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போவார்கள். கேட்கவே இனிக்கிறது. ஆனால் அங்கே போகிறவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிறவர், இசையமைக்கிறவர், வரைகிறவர். தனிமைதான் அவருக்குத் தேவை. நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாக வந்து, மூன்று நாளோ பத்து நாளோ சேர்ந்து வாசித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களைக் குடில் குடிலாகப் பிரித்துப்போட்டால் இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் ஒரே குடிலில்தான் கூடியிருப்பார்கள். தூக்கத்துக்குத் தனித்தனிக் கதவு, சாப்பாட்டுக்கும் சாதகத்துக்கும் பொது இடம். நமக்கு இதுதான் பொருந்தும். புதுச்சேரிப் பக்கம் ஆதிசக்தி நாடக மையத்திலும் பயிற்சிக்கு வருபவர்கள் அந்த வளாகத்திலேயே தங்குகிறார்கள். ரியூனியனில் செயின்ட் தெனியின் கலை நகரமும் தங்கிப் பணி செய்யும் கலைஞர்களை ஏற்கிறது. நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். பார்த்துவிட்டு வர விமானத்தில் முக்கால் மணி நேரம், குழுவில் இரண்டு பேராவது ஒருமுறை போய்வரலாம்.

என் சிபாரிசு இதுதான்: இரவுக்குக் கான்கிரீட், பகலுக்கு மரம். தூங்குவதற்கு வேலியோரம் மூன்று புதிய அறைகள். மரவீட்டின் அடிச்சட்டத்தை மாற்றி, கூரைத் தகரத்தைப் புயலுக்குத் தகுந்தபடி பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்கி, அதைச் சாதக அறையாகவும் சாப்பாட்டு அறையாகவும் வைத்துக்கொள்வது. பலகைத் தரை நடனக்காரர்களின் முழங்காலுக்கும் நல்லது. சிமென்ட் தரையில் பயிற்சி செய்த பெண்களைக் கேட்டுப்பாருங்கள். மரவீடு கூடத்துக்கும் அறைகளுக்கும் நடுவே நிற்பதால் ஒரு திரைபோல் கொஞ்சம் சத்தத்தையும் தடுக்கும். புயல் வந்தால் அதைப் பூட்டிவிட்டு எல்லோரும் கான்கிரீட் பக்கம் போய்விடலாம். யாரையும் படுக்கையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேர் கொண்ட நடனக் குழு வந்தால் மூன்று அறை போதாதே என்று கேட்கிறார்கள். போதாதுதான். அப்படிக் குழு வருவது வருடத்தில் ஒரு முறை. அந்த ஒரு முறைக்காகப் பன்னிரண்டு கட்டில் கட்டிவைத்தால் மீதி நாளெல்லாம் அங்கே ஒட்டடைதான். குருவும் மூத்தவர்களும் நம் அறைகளில், குழந்தைகளும் கூட வரும் அம்மாக்களும் ஹோட்டலில். அந்த இடத்தில் அக்கா சொன்னதுதான் சரி.

அறைக்குள் போவோம். அளவு 3.6 மீட்டருக்கு 4 மீட்டர். இரண்டு கட்டில் போட்ட பிறகும் ஜமக்காளம் விரித்து இருவர் எதிரெதிரே உட்கார இடம் இருக்க வேண்டும். குளியலறை ஒவ்வொரு அறைக்கும் தனியே. நம்மூரில் ஷவர் மட்டும் வைப்போம், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் முதலில் வாளியும் சொம்பும் தேடுவார், ஆகவே தாழ்வாக ஒரு குழாய். ஜூலை இரவில் வாக்வாவில் 15 டிகிரிக்கு இறங்கும். அவர்கள் கம்பளி கொண்டுவருவதில்லை. "மொரீஷியஸ்னா கடற்கரைதானே" என்று நினைத்துப் பருத்தி வேட்டியோடு வந்து நடுங்குவார்கள். அறைக்கு இரண்டு கம்பளி, கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி, மேகமூட்டமான நாளுக்கு அதோடு ஒரு மின் சூடாக்கி. நவம்பர், டிசம்பரில் தண்ணீர் நேரம் பார்த்து வரும் என்பதால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் கட்டாயம்.

இதைவிட முக்கியமானது ஈரம். பிப்ரவரியில் ஒரு தவில்காரரைப் பார்த்தேன். காலை நாலரை மணி, கூடத்தின் சமையலறையில் கீழே உட்கார்ந்திருந்தார். விரலுக்குக் கூடு கட்ட மைதாப் பசையைத் துணி நாடாவில் தடவி ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் மாலை சுற்றியவை காயவே இல்லை. அழுத்தினால் விரல் தடம் பதிந்தது. எங்கள் அக்கா வீட்டிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையில் அதைப் பிடித்து வலது கை விரல்களைக் காயவைத்தார். ஆறு மணிக்குக் காவடி புறப்பாடு. "ஊர்ல இந்நேரம் கல்லு மாதிரி ஆகியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மிருதங்கத்துக்கும் அதே கதைதான். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து சுருதி இறங்கும், காய்ந்தால் ஏறும். ஏ.சி. அறையில் இரவெல்லாம் வைத்திருந்து, மாலையில் ஈரக்காற்று உள்ள மேடைக்குக் கொண்டுவந்தால் முதல் கீர்த்தனை முடிவதற்குள் வலந்தலையின் (வலது பக்கத் தோலின்) சுருதி கீழே இறங்கிவிடும். கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அறைக்கு ஏ.சி. போட்டால் வேலை முடிந்தது என்று குழு நினைக்கிறது. நான் கேட்பது வேறு: மூன்று அறைக்கும் பொதுவாக 2 மீட்டருக்கு 2 மீட்டரில் ஒரு வாத்திய அறை, அதில் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று. 50 முதல் 60 சதவீதத்தில் வைத்தால் தோலுக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகும். நடன உடை காயப்போடக் கொடியும் அங்கேயே கட்டலாம். வாத்தியத்தை எடுத்து மேடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுபோய்ப் பழக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினால் போதும். ஏ.சி.யைவிட இது மலிவு, இந்த ஊர் உயரத்துக்கு ஜன்னல் காற்றே பெரும்பாலும் போதும்.

சின்ன விஷயங்கள் சில. இந்தியாவின் மூன்று உருண்டைக் கால் பிளக் நம் சுவரில் நுழையாது. சுருதிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தவர்கள் உண்டு. எல்லா வகையும் ஏற்கும் பலகை ஒன்று அறைக்கு அறை வேண்டும். ஆளுயரக் கண்ணாடி. இரவில் தனியாக வந்து போகத் தனி வாசல். சாவி தலைவரிடமே இருக்கும் என்ற ஏற்பாட்டை முதலில் ஒழிக்க வேண்டும்.

கலைஞர்கள் இல்லாத நாளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்ற யோசனையும் வந்தது. பணம் வாங்கிச் சுற்றுலாப் பயணியைத் தங்கவைத்தால் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும், அதற்கான நிபந்தனைகள் தனி. நகராட்சியின் கட்டட அனுமதி எப்படியும் வாங்க வேண்டியதுதான், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வேண்டுமானால் முருகன் கோவிலுக்கு வெளியூரிலிருந்து வரும் ஓதுவார்களுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் காலி நாளில் கொடுக்கலாம்.

கடைசியாகச் சமையலறை. இரவு பதினொரு மணிக்கான பதில் அதுதான். ஆனால் குழு இரண்டாகப் பிளந்திருப்பதும் அதனால்தான். கூடம் கோவிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் வளாகத்துக்குள் கவுச்சி கூடாது என்பது பழைய தீர்மானம். போன வருடம் ரியூனியனிலிருந்து வந்த மலோயா (அந்தத் தீவின் நாட்டார் இசை) குழுவினர் மீன் வாங்கிக்கொண்டு வந்து, எங்கே சுடலாம் என்று வெள்ளந்தியாகக் கேட்டார்கள். அன்றைக்குச் செயலாளர் தன் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டிக் கொடுத்துச் சமாளித்தார். தீர்மானத்தை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, மாற்ற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. மரவீட்டில் சைவச் சமையலறை: இரண்டு அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், ஒரு பிரிட்ஜ். கச்சேரி நாளில் பெண்கள் பிரிவு சாம்பாரும் ரசமும் வைத்துவிட்டுப் போய்விடும், அவர்களே சுடவைத்துக்கொள்வார்கள், யாரும் நின்று பரிமாற வேண்டாம். புயலுக்கென்று அரிசி, பருப்பு, பால்பவுடர், குடிதண்ணீர், சிறிய எரிவாயு அடுப்பு எல்லாம் கான்கிரீட் அறைகளின் பக்கம் ஓர் அலமாரியில். கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்கு முன்கூட்டியே கடிதத்தில் சொல்லிவிடுவது, தெருமுனைக் கடையைக் காட்டிவிடுவது.

பணம் இந்த வருடம் எல்லாவற்றுக்கும் போதாது. முதலில் இரண்டு அறையும் வாத்திய அறையும், அதோடு மரவீட்டின் தெற்குப் பக்கத்து அடிச்சட்டம். மூன்றாவது அறைக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டுவிடலாம். அதிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டு நின்றால் தலைவர் ஐயாவுக்கும் திருப்தியாக இருக்கும்.